கேள்வி உங்களுடையது: எத்தனை டிகிரியில் எடுப்பது?

போன இதழில் நானோ படலங்களைப் பற்றி, அதாவது நானோமீட்டர் கணக்கில் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளக்கும் மெல்லிய பூச்சுகளைப் பற்றி, நான்கு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த முறை வந்த கடிதங்களில் பாதி உலையையும் சூட்டையும் பற்றியே. சரி, இந்த இதழ் முழுக்க அதையே பேசிவிடலாம். கீழே சூட்டுக்கு டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு ஆய்வு மாணவி: அம்மா, துத்தநாக ஆக்சைடு படலத்தை சோல்-ஜெல் முறையில் (கரைசலைக் கூழாக்கி) கண்ணாடி மேல் பூசி, 300, 400, 500 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தேன். 500-இல் எடுத்ததற்குத்தான் எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிர் பாய்ச்சிப் படிகத்தைப் பார்க்கும் சோதனை) வரைபடத்தில் உச்சம் கூர்மையாக வந்தது. ஆனால் வாயு உணரியாகச் சோதித்தால் 400-இல் எடுத்ததுதான் நன்றாக வேலை செய்கிறது. என் கைடு "500 தானே பெஸ்ட்டாக இருக்கணும்" என்கிறார். யார் சொல்வது சரி?

உன் உணரி சொல்வதும் சரி, எக்ஸ்.ஆர்.டி. சொல்வதும் சரி கண்ணு. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. உன் கைடு அவற்றை ஒரே கேள்வியாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

உலைக்குள் என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பார். நீ ஸ்பின் கோட்டரில் சுற்றி எடுத்த ஈரப் படலம் இன்னும் ஆக்சைடே இல்லை. ஜிங்க் அசிடேட், கரைப்பான், எத்தனோலமைன் எல்லாம் கலந்த ஒரு கூழ். முதலில் கரைப்பான் போகும். அப்புறம் சுமார் 200-லிருந்து 350 டிகிரிக்குள் அசிடேட் உடைந்து எரியும். இந்தக் கட்டம் முழுமையாக முடியாவிட்டால் கரி தங்கிவிடும். 300 டிகிரிக் கண்ணாடியை ஒரு வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பார், லேசாகப் பழுப்பு தட்டியிருந்தால் அதுதான் காரணம். அதற்கு மேல் போகப் போக, துத்தநாகமும் ஆக்சிஜனும் ஒழுங்காக அடுக்கி நின்று படிகமாகும். இன்னும் சூடு ஏறினால் பெரிய படிகத்துகள் பக்கத்துச் சிறிய துகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு வளரும், இடையில் இருந்த துளைகள் அடைபடும். இதற்கிடையே படலம் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொண்டோ விட்டுக்கொண்டோ இருக்கும். கீழே இருக்கும் கண்ணாடியும் சும்மா இருக்காது. சாதாரண ஸ்லைடு கண்ணாடியில் சோடியம் இருக்கிறது, சூட்டில் அது மேலே ஏறிப் படலத்துக்குள் நுழையும்.

ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது ஆரம்பிக்கும் என்று நினைத்துவிடாதே. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும். வெப்பநிலையை நீ மாற்றும்போது ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுவதில்லை, ஐந்தாறு விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றுகிறாய். நம் கவுந்தப்பாடிப் பக்கம் ஆலை போடுகிறவர்களிடம் "பாகை எப்போது இறக்கணும்?" என்று கேட்டால், "உருண்டை வெல்லத்துக்கா, நாட்டுச்சர்க்கரைக்கா?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பார்கள். படலத்துக்கும் அதே கதைதான். எதற்காக என்று சொல்லாமல் பெஸ்ட் டிகிரி என்று ஒன்று கிடையாது.

உன் விஷயத்துக்கு வருவோம். எக்ஸ்.ஆர்.டி. உச்சம் கூர்மையானால் துகள் பெரிதாகியிருக்கிறது என்று பொருள். 1918-இல் பால் ஷெர்ரர் கொடுத்த சமன்பாடு அதைத்தான் சொல்கிறது: உச்சத்தின் அகலம் பாதியானால் துகளின் அளவு இரண்டு மடங்கு. துத்தநாக ஆக்சைடுக்கு 34.4 டிகிரிக் கோணத்துப் பக்கம் வரும் உச்சம் 0.8 டிகிரி அகலம் இருந்தால் துகள் சுமார் 10 நானோமீட்டர், 0.4 டிகிரி என்றால் சுமார் 21. (போட்டுப் பார்க்கும்போது கோணத்தில் பாதியை எடு. அகலத்தை ரேடியனுக்கு மாற்று. கருவியே சேர்க்கும் அகலத்தைக் கழி. வைவாவுக்குப் போகும் இடங்களில் இந்த மூன்றில் ஒன்று தப்பாக இருக்கிற ஆய்வேட்டை நான் அடிக்கடி பார்க்கிறேன்.)

வாயு உணரிக்கோ பெரிய துகள் வேண்டாம். காற்றிலுள்ள ஆக்சிஜன் துகளின் மேற்பரப்பில் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் மேற்பரப்பை ஒட்டி எலக்ட்ரான் குறைந்த ஒரு தோல் உண்டாகிறது, மின்தடை ஏறுகிறது. ஆல்கஹால் ஆவியோ எரிவாயுவோ வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான் திரும்பி வரும், தடை இறங்கும். உணரி பார்ப்பது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். இதே வேலை செய்யும் வெள்ளீய ஆக்சைடில் இந்தத் தோல் ஏறக்குறைய 3 நானோமீட்டர் ஆழம். துகளே 6 நானோமீட்டர்தான் என்றால் அதில் தோலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை, முழுத் துகளும் வாயுவுக்குப் பதில் சொல்லும். துகள் பெரிதாகப் பெரிதாக உள்ளே இருக்கும் பகுதி வெளியில் நடப்பதைக் கண்டுகொள்வதில்லை. துளைகளும் அடைந்துவிட்டால் வாயு உள்ளே போக வழியும் இல்லை. உன் 500 டிகிரிப் படலத்துக்கு நேர்ந்தது இதுதான்.

அப்படியானால் 300-இல் எடுத்தது இன்னும் நன்றாக இருக்க வேண்டுமே என்று கேட்பாய். அதில் கரி மிச்சம், படிகம் அரைகுறை. அதோடு இன்னொன்றும் உண்டு. இந்த வகை உணரியைச் சூடாக வைத்துத்தான் வேலை வாங்குகிறோம், பல சமயம் 300 டிகிரிக்கு மேல். 300-இல் எடுத்த படலத்தை 350-இல் ஓட்டினால், ஓட்டும்போதெல்லாம் துகள் வளர்ந்துகொண்டே இருக்கும். இன்றைய அளவீடு அடுத்த வாரம் வராது. அதனால் ஓட்டப்போகும் சூட்டுக்கு மேலே ஒரு நல்ல இடைவெளி விட்டுப் படலத்தைக் காய்ச்ச வேண்டும், ஆனால் துகள் பருத்துவிடும் அளவுக்குப் போகக் கூடாது. 400 உனக்கு அந்த நடு இடமாக அமைந்திருக்கிறது. ஆய்வேட்டில் அதை அப்படியே எழுது. "500 டிகிரியே உகந்தது" என்று முடிகிற ஏடுகள் நம் கல்லூரிகளில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

கைடிடம் பேசும்போது மட்டும் பணிவாகப் பேசு. பட்டம் முக்கியம்.

கரூரிலிருந்து ஒரு இல்லத்தரசி: வீட்டில் கேஸ் கசிவு அலாரம் மாட்டியிருக்கிறோம். எந்நேரமும் வெதுவெதுவென்றே இருக்கிறது. கரண்ட் வீண் என்று கணவர் அணைத்துவிடுகிறார். செய்யலாமா?

கூடாதுங்க. மேலே அந்தப் பெண்ணுக்குச் சொன்ன அதே ஆக்சைடு வேலைதான் உங்கள் அலாரத்துக்குள்ளும் நடக்கிறது. 1962-இல் ஜப்பானில் நவோயோஷி தாகுச்சி காப்புரிமைக்கு விண்ணப்பித்த வெள்ளீய ஆக்சைடு உணரியின் வழிவந்தவைதான் வீட்டு அலாரங்களில் பல. உள்ளே குட்டி ஹீட்டர் ஒன்று அதைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். அணைத்துவிட்டால் ஆறிப்போன ஆக்சைடுக்கு வாயு வந்ததே தெரியாது, திரும்பப் போட்டாலும் உடனே சரியாக அளக்காது. வெதுவெதுப்பு அது உயிரோடு இருப்பதற்கு அடையாளம்.

இன்னும் இரண்டு விஷயம். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும். அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு அடிக்குள் மாட்டுங்கள், மேலே லாஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டினால் அழகுக்குத்தான் ஆகும். சிலிக்கோன் கலந்த ஸ்ப்ரே, சீலண்ட் எதையும் அதன் பக்கத்தில் அடிக்காதீர்கள். அந்த ஆவி ஆக்சைடு மேல் படிந்து அதை மந்தமாக்கிவிடும்.

கோவை கணபதியிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரர்: டீச்சரம்மா, நீங்கள் நானோ படலம் என்று எழுதியதைப் பார்த்ததும் ஒரு சந்தேகம். உளியைச் சூடு பண்ணும்போது வைக்கோல் நிறம், அப்புறம் ஊதா, நீலம் என்று ஓடுகிறதே, அதுவும் இந்த வகைதானா?

அதேதானுங்க. நானோ என்ற பேச்சு எதுவும் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கொல்லர்கள் கண்ணால் அளந்துவந்த உலோக ஆக்சைடு படலம் அது. நிறத்துக்குச் சாயம் எதுவும் காரணமில்லை. இரும்பின் மேல் வளரும் ஆக்சைடு சில பத்து நானோமீட்டர் தடிமன்தான். அதன் மேல் பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப் பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியும் கலக்கும்போது சில நிறங்கள் அடிபட்டுப் போகின்றன, மிச்சம் உங்கள் கண்ணுக்கு வருகிறது. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். சாதாரண கார்பன் ஸ்டீலில் வெளிர் வைக்கோல் நிறம் சுமார் 220 டிகிரி, பழுப்பு 255, ஊதா 280, நீலம் 300 வாக்கில். வெட்டும் கருவிக்கு வைக்கோலில் நிறுத்துவீர்கள், ஸ்பிரிங்குக்கு நீலம் வரை விடுவீர்கள், இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்களுக்குப் பயன்படக்கூடியதாக ஒன்று மட்டும் சொல்கிறேன். நிறம் சூட்டை மட்டும் காட்டுவதில்லை, நேரத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. குறைந்த சூட்டிலேயே நெடுநேரம் வைத்திருந்தாலும் படலம் தடித்துக்கொண்டே போய் நிறம் தாண்டிவிடும். ஆகவே கையால் சட்டென்று சூடு காட்டும்போது நம்புகிற நிறக்கணக்கை, ஓவனில் ஒரு மணி நேரம் வைத்து எடுக்கும் சரக்குக்கு அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் அந்தக் கணக்கு ஓடாது. அதிலுள்ள குரோமியம் படலத்தை மெதுவாக வளரவைக்கும், அதே நிறம் வர இன்னும் நிறையச் சூடு வேண்டும். நிறம் பார்க்கும் முன் உலோகத்தின் மேற்பரப்பைச் சுத்தமாகத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்க வேண்டும் என்பது உங்கள் பட்டறைப் பையனுக்கும் தெரிந்திருக்கும்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணலில் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. அந்த நொய்யல் கரைக்காரர்களும் சூட்டில் நிறம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. ஆதாரம் கேட்காதீர்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனி மேலாளர்: டைட்டானியம் ஆக்சைடு பூசிய கண்ணாடி வெயிலில் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்துவிடும் என்று ஒரு கல்லூரிக் கண்காட்சியில் காட்டினார்கள். நீலத் தண்ணீர் உண்மையிலேயே வெளுத்தது. இதை ஏன் சாயப்பட்டறைகளில் வைக்கவில்லை?

கண்காட்சியில் பார்த்தது பொய்யில்லை. 1972-இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மேல் ஒளி பட்டால் தண்ணீரே பிரிகிறது என்று காட்டினார்கள், அதிலிருந்து வளர்ந்த துறை இது. ஒளி பட்டதும் ஆக்சைடுக்குள் எலக்ட்ரான் ஒரு பக்கம், அது விட்ட காலியிடம் ஒரு பக்கம் என்று பிரிகின்றன. அவை மேற்பரப்புக்கு வந்து சேர்ந்தால் சாய மூலக்கூறை உடைக்கும். வழியிலேயே ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் ஒன்றும் நடக்காது.

சூடு இங்கேதான் வருகிறது. பூசியவுடன் படலம் ஒழுங்கற்று இருக்கும், பிரிந்த மின்னூட்டங்கள் உள்ளேயே சேர்ந்து வீணாகும். 400, 450 டிகிரியில் காய்ச்சினால் அனடேஸ் என்ற படிக வகை வரும், இந்த வேலைக்குப் பொதுவாக அதுதான் கெட்டிக்காரன். சூட்டை 600, 700-க்கு மேல் கொண்டுபோனால் அனடேஸ் மெல்ல ரூட்டைல் என்ற இன்னொரு படிக வகையாக மாறும், துகள் பருக்கும், மேற்பரப்பு குறையும். முழுக்க அனடேஸ்தான் வேண்டும் என்றும் இல்லை. ஆய்வகங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் பி-25 என்ற பிரபலமான பொடியில் ஏறக்குறைய நாலு பங்கு அனடேஸ், ஒரு பங்கு ரூட்டைல். பூசிய கண்ணாடியின் சோடியமும் அனடேஸ் உருவாவதைக் கெடுக்கும். அதனால் விவரமானவர்கள் அடியில் சிலிக்கா ஒரு படலம் போட்டுவிட்டு அதற்கு மேல் பூசுவார்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் உங்கள் பட்டறைக்கு ஆகாது. காரணங்கள் சாதாரணமானவை. அனடேஸ் சுமார் 388 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதா ஒளியைத்தான் பிடிக்கும், வெயிலில் அது நூற்றில் ஐந்து பங்குக்குள்தான். சாயப்பட்டறைத் தண்ணீரோ கடும் நிறம், ஒளி உள்ளே போகவே போகாது. கண்காட்சியில் வைத்தது டம்ளரில் சொட்டு விட்டுக் கலக்கிய மெத்திலீன் நீலமாக இருந்திருக்கும். உங்களிடம் வருவது லாரி லாரியாக.

எல்லாவற்றையும்விட முக்கியமானது உப்பு. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற எவ்வளவு உப்புக் கொட்டுகிறோம் என்று உங்களுக்கே தெரியும். ஒளியில் நிறம் உடையும், உப்பு உடையாது. நொய்யலைக் கெடுத்ததில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே கிணறுகளைக் கெடுத்ததில் அந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு ஊர் முழுக்கப் பேச்சு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை, ஆர்.ஓ., ஆவியாக்கிகள் என்றுதானே போனது? உப்பைப் பிரிக்க அவைதான் வழி. தண்ணீர் வெளுத்தவுடன் சுத்தமாகிவிட்டது என்று மேடையில் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். மாணவர்கள் மேல் இல்லை, சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்.

அடுத்த கண்காட்சியில் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். வெறும் கண்ணாடி போட்ட இன்னொரு டம்ளரை அதே வெயிலில் வைத்தீர்களா? (மெத்திலீன் நீலம் தானாகவும் வெளுக்கும்.) வெயிலில் வைக்கும் முன் படலத்தை இருட்டில் அரை மணி நேரம் ஊறவிட்டீர்களா? (சாயம் படலத்தின் மேல் ஒட்டிக்கொண்டாலும் தண்ணீர் வெளுத்த கணக்கில் வந்துவிடும்.) இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சபாஷ் போடுங்கள்.

ஆக்சைடு படலத்துக்கு வேலையே இல்லை என்றும் சொல்லவில்லை. பில்கிங்டன் கம்பெனி 2001-இல் தன்னைத்தானே சுத்தம் செய்யும் ஜன்னல் கண்ணாடி கொண்டுவந்தது. சுமார் 15 நானோமீட்டர் டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடுதான்), கண்ணாடி வார்க்கும்போதே அந்தச் சூட்டில் படியவைக்கிறார்கள். அங்கே அழுக்கு கொஞ்சம், நேரம் நிறைய, மழை வந்து கழுவிவிடும். அந்த இடத்துக்கு அது பொருத்தம்.

நாமக்கல்லில் இருந்து ஒரு எம்.எஸ்சி. மாணவர்: என் டைட்டானியா படலம் உலையிலிருந்து எடுத்ததும் சில்லுச் சில்லாக வெடித்திருக்கிறது. ஐ.டி.ஓ. கண்ணாடி மேல் பூசிய இன்னொன்று வெடிக்கவில்லை, ஆனால் மின்தடை பல மடங்கு ஏறிவிட்டது. உலை கெட்டுப்போச்சா?

உலை மேல் பழி போடாதீர்கள் தம்பி, முதலில் பூச்சைப் பாருங்கள். ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால், கரைப்பான் போய்ப் படலம் சுருங்கும்போது அடியில் கண்ணாடி சுருங்க விடாது. அந்த இழுவையில் வெடிப்பு விழும். மெல்லிசாகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் சூட்டுத்தட்டில் உலர்த்தி, அதன் மேல் அடுத்ததைப் பூசுங்கள். நிமிடத்துக்கு இரண்டு, மூன்று டிகிரி என்று மெதுவாக ஏற்றுங்கள். இறக்கும்போது உலையின் கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். 200 டிகிரியில் இடுக்கியால் வெளியே எடுத்துச் சிமெண்ட் மேடை மேல் வைக்கிற அவசரம் பல பேருக்கு உண்டு.

இரண்டாவது விஷயம் வேறு. ஐ.டி.ஓ. என்பதே ஒரு ஆக்சைடு படலம், இண்டியமும் வெள்ளீயமும் சேர்ந்தது. அது மின்சாரம் கடத்துவதில் ஆக்சிஜன் இல்லாத காலியிடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. காற்றில் 450 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஆக்சிஜன் வந்து அந்த இடங்களில் உட்கார்ந்துகொள்ளும், கடத்தல் இறங்கும். அதனால்தான் 1991-இல் ஓ'ரீகனும் கிராட்செலும் காட்டிய, சாயத்தால் ஒளியைப் பிடிக்கும் சூரியக்கலனைச் செய்கிறவர்கள், டைட்டானியா பசையை 450, 500 டிகிரியில் காய்ச்ச வேண்டி, ஃப்ளோரின் கலந்த வெள்ளீய ஆக்சைடு கண்ணாடியையே வாங்குகிறார்கள். அந்தச் சூட்டை அது தாங்கும். கடைக்காரரிடம் எஃப்.டி.ஓ. என்று கேளுங்கள். விலையும் பெரும்பாலும் குறைவு.

ஸ்லைடு கண்ணாடியில் 600 டிகிரி முயன்று பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 550-ஐத் தாண்டினாலே தொய்ய ஆரம்பிக்கும். கம்பி வலை மேல் வைத்த ஸ்லைடில் வலையின் அச்சு பதிந்து வந்ததை எங்கள் ஆய்வகத்தில் ஒரு காட்சிப்பொருளாகவே வைத்திருந்தோம். அந்தச் சூடு வேண்டுமென்றால் குவார்ட்ஸ் வாங்குங்கள்.

உலையின் டிஸ்ப்ளே காட்டுவது தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி) முனையின் சூடு, உங்கள் கண்ணாடியின் சூடு இல்லை. கதவுப் பக்கம் வைத்ததும் பின்சுவர் பக்கம் வைத்ததும் ஒன்றாக இருக்காது. கையில் பிடிக்கும் தெர்மோகப்பிள் ஒன்றைப் படலத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தடவையாவது சரிபாருங்கள், எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். இன்னொன்று, கரண்ட். 2012-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது எங்கள் மாணவர்கள் உலையைப் போட்டுவிட்டு மின்வெட்டு அட்டவணையும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். பாதியில் நின்று திரும்ப ஏறிய படலமும் ஒரே மூச்சில் ஏறிய படலமும் ஒன்றில்லை, முதலாவது இரண்டு தடவை சூடு கண்டது. அப்படி நின்றால் அந்தச் சாம்பிளைத் தூக்கிப் போட வேண்டாம், நோட்டில் நேரத்தோடு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு புள்ளி மட்டும் வரைபடத்தில் தனியாக நிற்கும்போது அந்த வரிதான் காப்பாற்றும்.

பொள்ளாச்சியிலிருந்து பிளஸ் டூ மாணவி: எங்கள் வீட்டில் கேக் செய்யும் ஓ.டி.ஜி. ஓவன் இருக்கிறது. அதில் துத்தநாக ஆக்சைடு படலம் செய்யலாமா?

வேண்டாம் அம்மணி. வீட்டு ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும், அசிடேட் பாதி எரிந்தும் எரியாமலும் நிற்கும். அதுகூடப் பரவாயில்லை. இந்தப் பூச்சுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் மெத்தாக்ஸி எத்தனால் உடம்புக்கு ஆகாத கரைப்பான், கருவுறுதலையும் கருவையும் பாதிக்கக்கூடியது. ஆய்வகத்திலேயே புகைக் கூண்டுக்குள் வைத்துத்தான் கையாள்வோம். அதைக் கேக் வேகும் பெட்டிக்குள் விடவே கூடாது. உலோக ஆக்சைடு படலம் பார்க்கத்தான் ஆசை என்றால் அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, பளபளவென்று தேய்த்த பழைய இரும்பு பிளேடு ஒன்றை இடுக்கியால் பிடித்து, ஒரு முனையை மட்டும் கேஸ் அடுப்புச் சுடரில் காட்டு. மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று வரிசையாக நிறம் ஓடும். கணபதிக்காரருக்கு எழுதிய பதிலை அப்போது கையில் வைத்துக்கொள். பிளேடை ஆறவிட்ட பிறகுதான் தொட வேண்டும்.